முட்டுப் பிரித்த நாள்

ஜூன் 3, செவ்வாய்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும். கோடு போட்ட நோட்டுதான், ஆனாலும் எழுத்துகள் கோட்டில் உட்கார மாட்டேன் என்கின்றன. ஒரு 'ழ' எழுதி முடிப்பதற்குள் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்து விரலை நீவிக்கொள்கிறேன். நாற்பத்தைந்து வருடம் சுத்தியல் பிடித்த கை. பேனா அதற்கு மெலிசாக இருக்கிறது.

என் பெயர் வீரணன். வயது எழுபத்தொன்று. சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகையும் தகடும் பரப்பி, அடியில் சவுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துகிறவன். திருமங்கலத்தில் நான் முட்டுக் கொடுக்காத தெரு குறைவு. பெயர் எழுத மட்டும் தெரியாது. கைநாட்டு. இப்போது தெரியும். மேலே எழுதியிருக்கிறேன், இன்னொரு தடவை எழுதுகிறேன். வீரணன்.

போன ஆவணியில் என் மனைவி பெருமாயிக்குப் பக்கவாதம் வந்தது. மாத்திரை அட்டையில் காலை எது, சாயங்காலம் எது என்று தெரியாமல் ஒருநாள் மாற்றிக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் ஐப்பசியில் வகுப்பில் சேர்ந்தேன். ரெஜினா டீச்சர் அங்கன்வாடியில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். "நடந்ததை அப்படியே எழுதுங்க ஐயா. வெள்ளிக்கிழமை தோறும் நான் வாங்கிப் பாக்குறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

இன்று நடந்தது: ரசம் வைத்தேன். உப்புக் கூடிவிட்டது.

ஜூன் 4, புதன்

நேற்று ஒரு பக்கம் எழுதியதில் கை வலிக்கிறது. ஆனாலும் காலையில் எழுந்ததும் நோட்டைத்தான் எடுத்துப் பார்த்தேன். எழுத்து எல்லாம் அப்படியே இருக்கிறது.

பெருமாயியின் கால் பற்றி எழுதுகிறேன். வாய்க் கோணல் நேராகிவிட்டது. கையும் முக்கால்வாசி வந்துவிட்டது. இடது பாதம்தான் வரவில்லை. காலைத் தூக்கினால் பாதம் மட்டும் கீழே தொங்குகிறது. கட்டைவிரல் தரையில் தட்டி விழப் போகிறாள். கம்பி கட்டாத சன்ஷேடு மாதிரி அப்படியே மடங்கிவிடுகிறது. ஒரே கால். மேல் பாதி அவள் சொன்னதைக் கேட்கிறது, கீழ்ப் பாதி கேட்பதில்லை. எனக்கு இது புரியவே இல்லை.

கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. நடந்தால் பதினேழு எட்டு. நான் இடுப்பைப் பிடித்துக் கூட்டிப்போவேன். கதவைச் சாத்த முடியாது. விழுந்தால் பிடிக்க வேண்டுமே. நான் வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பி நிற்பேன். ஒன்பது மாதமாக அந்த வேப்பமரத்தைப் பார்க்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

மருந்துக்கடையில் வாங்கிய கால் பட்டை கணுக்காலில் உரசிப் புண்ணாக்கிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "இது எல்லாக் காலுக்கும் பொதுவா செஞ்சது. இந்த அம்மா காலுக்குன்னு அளவெடுத்துச் செய்யணும்" என்றார். மதுரையில் ஓர் இடம் எழுதிக் கொடுத்தார். ஆட்டோவில் வரும்போதே முகவரியைப் படித்துவிட்டேன். ஆட்டோக்காரரிடமும் படித்துக் காட்டினேன். அவர் கேட்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மதுரைக்குப் போய் வந்தோம். கால் கருவி செய்கிற அந்த இடத்தில் அல்தாப் என்று ஒரு தம்பி. முப்பத்தைந்து வயது இருக்கும். கையெல்லாம் மாவு. அலமாரியில் வெள்ளை வெள்ளையாகக் கால்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொருவர் காலுக்கும் மாவுக்கட்டுப் போட்டு, அதைக் கழற்றி, அதற்குள் மாவு ஊற்றி எடுத்த கால்கள்.

பெருமாயி அலமாரியைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் காலு சும்மா நிக்கிதே தம்பி. இதுல வெளைஞ்சதா ஒண்ணு எனக்குக் குடுத்து விடுங்க" என்றாள். அல்தாப் தம்பி சிரித்த சிரிப்பில் மாவு உதிர்ந்தது.

அவளுடைய காலுக்குத் துணி உறை மாட்டி, நனைத்த மாவுத்துணியைச் சுற்றினார். "பாதம் நேரா நிக்கணும்மா, தொண்ணூறு டிகிரி" என்றார். நான் பையிலிருந்து, சுவர் மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கிற மூலமட்டத்தை எடுத்து அவளுடைய கணுக்காலில் வைத்தேன். அரை விரல் கடை கீழே இருந்தது. தூக்கிப் பிடித்தேன். மாவு இறுகும்வரை நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு மூலமட்டம் எடுத்துட்டு வந்த ஒரே ஆளு நீங்கதான். பேசாம இங்கேயே வேலைக்கு வந்துருங்க, மேஸ்திரி" என்றார்.

"ஏய்யா, என் காலு என்ன செவுரா?" என்றாள் இவள்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அச்சு அடிப்பது, உள்ளே ஊற்றுவது, இறுகியதும் பிரிப்பது. எல்லாம் நம் வேலைதான். பெயர்தான் வேறு. அந்தக் கருவிக்கு அவர் மூன்று இங்கிலீஷ் எழுத்துகள் சொன்னார். நான் இப்போதுதான் தமிழ் முடித்திருக்கிறேன். நாங்கள் அதற்குக் கால் கூடு என்று பெயர் வைத்துவிட்டோம்.

ஜூன் 11, புதன்

மூலமட்டத்தில் மாவு ஒட்டியிருக்கிறது. துடைக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

கால் கூடு வந்துவிட்டது!

வெள்ளை பிளாஸ்டிக். விரலுக்கு அடியில் தொடங்கி, குதிகாலைச் சுற்றிக்கொண்டு, பின்னங்கால் வழியாக முழங்காலுக்குக் கீழே வரை போகிறது. கணுக்காலில் ஒரு பட்டை, மேலே ஒரு பட்டை. அவளுடைய காலில் வைத்ததும் உள்ளே போய் உட்கார்ந்தது. எங்கேயும் ஒரு நூல் சந்து இல்லை.

இரண்டு பக்கமும் குழாய் பிடித்து நடக்கிற இடத்தில் நிறுத்தினார். நான் குழாய்க்கு வெளியே நின்றேன். அவள் இடது காலைத் தூக்கினாள். பாதம் கூடவே வந்தது. தொங்கவில்லை, தட்டவில்லை. நான்கு எட்டு நடந்து நின்று குனிந்து பார்த்தாள். "அட" என்றாள். அவ்வளவுதான். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்து எதுவும் தெரியவில்லை.

கிளம்பும்போது அல்தாப் தம்பி ஒரு தாளை எடுத்தார். "வீட்ல படிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்களா? இல்லன்னா நானே எல்லாம் சொல்லிடறேன்" என்றார்.

"நான் படிப்பேன்" என்றேன்.

"அப்பச் சரி மேஸ்திரி. எல்லாம் இதுல இருக்கு. பாத்து நடந்துக்கங்க. அடுத்த மாசம் ஒருதடவை வாங்க."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டாம் என்று நினைத்துத் தாளைக் கையில் கொடுத்தார்.

ஜூன் 20, வெள்ளி

தாளைப் படித்தேன். இரண்டு பக்கம். பொடி எழுத்து. காலுறை போட்டுத்தான் மாட்ட வேண்டும். கூட்டோடு சேர்த்துப் பாதம் பெரிதாகிவிடுவதால் இடது செருப்பு ஓர் அளவு பெரிதாக வேண்டும். சிவந்து போகிறதா என்று தினமும் தோலைப் பார்க்க வேண்டும்.

"எத்தனை நாளைக்குப் போடணுமாம்?" என்று பெருமாயி கேட்டாள்.

"இருபத்தொரு நாளு" என்றேன்.

"அப்படியா போட்டிருக்கு?"

"ஆமா."

இன்று ரெஜினா டீச்சர் நோட்டைப் பார்த்து மூன்று இடத்தில் திருத்தினார். "ஐயா, சொந்தமா கதையே எழுதிருவீங்க போல" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

கூட்டுக்குள் கால் வேர்க்கிறது. இரண்டு காலுறை மாற்ற வேண்டியிருக்கிறது. துவைத்துக் கொடியில் போட்டேன். வீட்டுக்குள் சுவரைத் தொட்டுக்கொண்டு தனியாக நடக்கிறாள். டக் என்று இடது கால், சத்தமில்லாமல் வலது கால். சமையல்கட்டுக்கு வந்து நின்று என் குழம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஒன்பது மாதம் சாப்பிட்டவள், இன்றுதான் செய்கிற விதத்தைப் பார்த்தாள்.

ஜூன் 27, வெள்ளி

பின்பக்கம் பதினேழு எட்டும் நடந்துவிட்டாள். நான் பின்னாலேயே கையை விரித்துக்கொண்டு போனேன்.

"கோழியப் பிடிக்கிறவன் மாதிரி வராதய்யா" என்றாள்.

"விழுந்தா?"

"விழுந்தா கூப்பிடுறேன்."

அப்புறம், கக்கூஸ் கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறது, எண்ணெய் போடு என்றாள். கால் நடக்கத் தொடங்கியிருக்கும்போது இவள் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசுகிறாள். ஒன்றும் புரியவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டேன்.

ஜூலை 2, புதன்

பதினான்காம் நாள். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறேன். தளம் போட்டால் இருபத்தொரு நாள் தண்ணீர் விட்டு இறுக விடுவோம். அதற்கு முன்னால் முட்டைத் தொடக் கூடாது. தொட்டவன் கெட்டான். அதற்கு மேல் விட்டு வைத்தால் மேஸ்திரிக்குத் தன் வேலை மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

ஜூலை 8, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்து மூன்று நாள் ஆகிறது. குடத்தில் இருப்பது குடிக்க மட்டும். வீடு துடைக்கக்கூடச் சொட்டு இல்லை. காலுறை துவைக்காமல் கிடக்கிறது.

ஜூலை 10, வியாழன்

இன்று முட்டுப் பிரித்தோம்.

ஜூலை 11, வெள்ளி

பெருமாயி நேற்று வழுக்கி விழுந்துவிட்டாள். தரை ஈரமாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. கணுக்கால் வீங்கியிருக்கிறது. முழங்காலில் தோல் போய்விட்டது. பத்து நாள் ஊன்றக் கூடாது.

வகுப்புக்குப் போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மகள் தமிழரசி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். "எப்படிப்பா விழுந்துச்சு அம்மா?" என்றாள். தரை ஈரம் என்றேன். "அம்மாட்ட குடு" என்றாள். பெருமாயி போனை வாங்கி, "ஆமா, ஈரந்தான்" என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை.

மறுபடியும் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறேன். இந்தத் தடவை அவள் ஒரு கேலியும் பேசுவதில்லை. வேப்பமரத்தில் காய் பழுத்து விழுகிறது.

ஜூலை 16, புதன்

ஒன்றும் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

வகுப்புக்குப் போனேன். ரெஜினா டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்தார். அதிக நேரம் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் கோடு போட்டுக் கொடுத்தார். "அம்மாவைக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஜூலை 8இல், 'வீடு துடைக்கக்கூடச் சொட்டு இல்லை' என்ற வரிக்குக் கீழே ஒரு கோடு. ஜூலை 11இல், 'தரை ஈரமாக இருந்தது' என்ற வரிக்குக் கீழே ஒரு கோடு. ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. துணைக்கால் இருக்கிறது, புள்ளி இருக்கிறது. ஏன் கோடு போட்டார் என்று குழப்பமாக இருக்கிறது.

ஜூலை 19, சனி

விடிந்து பல் துலக்கும்போது புரிந்துவிட்டது. வாயில் தண்ணீரோடு அப்படியே நின்றேன்.

தரை ஈரமாக இல்லை. வறட்டி மாதிரிக் காய்ந்து கிடந்தது.

நடந்ததை எழுதுகிறேன். பத்தாம் தேதி காலையில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, சூடம் கொளுத்தி, கால் கூட்டைக் கழற்றினேன். சன்ஷேடுக்கு முட்டுப் பிரித்தால் நுனி முட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதனால் கணுக்கால் பட்டையை முதலில் எடுத்தேன். பிறகு மேல் பட்டை. "எந்திரி புள்ள. இருபத்தொரு நாளு ஆச்சு, இறுகியிருக்கும்" என்றேன். அவள் எழுந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஓர் எட்டு வைத்தாள். பாதம் தொங்கியது. கட்டைவிரல் காய்ந்த தரையில் தட்டியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். தளத்தைப் பிரித்தபின் மேஸ்திரி அப்படித்தான் நிற்க வேண்டும். அதனால் என்னால் பிடிக்க முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தாளை நான் படிக்கவில்லை. முதல் பக்கத்தில் ஆறு வரி படித்தேன். அதற்கே ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கண் எரிந்தது. மிச்சத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தொரு நாள் என்று அதில் எங்கேயும் போட்டிருக்கவில்லை. அது என் தொழிலில் இருக்கிறது. அல்தாப் தம்பியிடம் படிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தவன், படிக்க முடியவில்லை என்று இவளிடம் எப்படிச் சொல்வேன்?

எழுதி முடித்துவிட்டு அவளிடம் போய்ச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நீ படிக்கிறப்போ உன் ஒதடு அசையும்யா. மாட்டு வாய் மாதிரி அசைபோட்டுக்கிட்டே இருக்கும். அன்னைக்குக் கொஞ்ச நேரந்தான் அசைஞ்சுச்சு. அப்புறம் ஒதடு சும்மா இருக்கு, கண்ணு மட்டும் தாளுல இருக்கு. பக்கத்தையும் திருப்பல."

"தெரிஞ்சுமா கால நீட்டுன?"

அவள் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு அடக்கினாள்.

"நானும் முப்பது வருஷம் சித்தாளு வேல பாத்தவதானய்யா. இருபத்தொரு நாளுன்னதும் எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. சரியில்லாட்டியும் கழட்டிப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. பழைய காலு வந்திருக்கும்னு நெனச்சேன்."

வெற்றிலையை மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "பொய்யைச் சேந்துதான் சொல்லியிருக்கோம். நீ மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியாத" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நானே எழுதியதை நானே படிப்பது விசித்திரமாக இருக்கிறது. வேறு யாரோ ஒரு கிழவன் பேசுகிறான் போல.

ஜூன் 4இல் வந்து நின்றுவிட்டேன். 'கம்பி கட்டாத சன்ஷேடு மாதிரி' என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான். கம்பி இல்லாத சன்ஷேடுக்கு எத்தனை நாள் முட்டுக் கொடுத்தாலும், பிரித்த அன்றைக்கு மடங்கத்தான் செய்யும். இதைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்வேன். இரண்டாம் நாளே எழுதிவைத்துவிட்டு, அதைத் திரும்பிப் படிக்காமல் இவளைத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

கால் கூடு முட்டு இல்லை. கம்பி.

ஜூலை 22, செவ்வாய்

மதுரைக்குப் போனோம். அல்தாப் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் அன்னைக்கு வாயால சொல்லியிருக்கணும் மேஸ்திரி. தாளைக் குடுத்துட்டேன், முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்."

"என்னைக்குத்தான் தம்பி கழட்டுறது?" என்று பெருமாயி கேட்டாள்.

"நாள் கணக்கு இல்லம்மா. கால்ல தெம்பு வந்தா நானே கழட்டுறேன். வரலைன்னா இதோட நடப்பீங்க. ஆனா நடப்பீங்க."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய கால் வராமலே போகலாம் என்பதை அப்போதுதான் முதல் தடவையாக ஒருவர் வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டாள். நானும் கேட்டேன்.

கிளம்புவதற்கு முன்னால் நான் அல்தாப் தம்பியிடம் கம்பிக் கதையைச் சொன்னேன். "இதை எப்படிப் புரியவைக்கிறதுன்னு பத்து வருஷமா முழிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். கணுக்காலில் இன்னும் கொஞ்சம் வீக்கம் இருந்ததால், சூட்டுக் காற்று அடித்து அந்த இடத்தில் மட்டும் கூட்டை ஒரு நூல் அகலப்படுத்திக் கொடுத்தார்.

ஜூலை 24, வியாழன்

எழுந்து நிற்க மாட்டேன் என்கிறாள். கூடு மாட்டிவிட்டேன். பிடித்து நிறுத்தினால் உடனே உட்கார்ந்துவிடுகிறாள். "தரையப் பாத்தாலே பயமா இருக்குய்யா" என்றாள். இவளா இப்படிச் சொல்வது? மூன்று மாடிச் சாரத்தில் தலையில் சட்டியோடு ஏறினவள்.

ஜூலை 25, வெள்ளி

டீச்சர் 19ஆம் தேதிப் பக்கத்தைப் படித்தார். கோடு போடவில்லை. கீழே 'பார்த்தேன்' என்று எழுதித் தேதி போட்டார். பிறகு, "அந்தத் தாளைக் கொண்டு வாங்க ஐயா. படிச்சுச் சொல்றேன்" என்றார். வேண்டாம் என்றேன். எத்தனை நாள் ஆனாலும் நானே படிக்கிறேன் என்றேன்.

ஜூலை 26, சனி

அவளுடைய கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் போட்டுப் படிக்கிறேன். உதடு அசைகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இன்று நான்கு வரி. 'விழுந்தவர்கள் முதலில் நாற்காலியைப் பிடித்து நின்று பழக வேண்டும்' என்று போட்டிருக்கிறது. இது முதல் பக்கத்திலேயே பத்தாவது வரியில் இருந்திருக்கிறது.

நாற்காலியைப் பிடித்து நின்றாள். மூன்று தடவை.

ஜூலை 27, ஞாயிறு

நாற்காலியிலிருந்து கதவு வரை. "தாளுல அடுத்து என்ன போட்டிருக்கு?" என்றாள். "இரு, 'ஞ்' வருது" என்றேன். நான் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். அதுவே ஒரு பயிற்சி ஆகிவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் காலுறை போட்டாள். கூட்டில் காலை விட்டு, குதிகாலை ஒரு தட்டுத் தட்டி உட்காரவைத்தாள். இரண்டு பட்டையையும் அவளே இழுத்து ஒட்டினாள். நான் எழுந்தேன்.

"எங்க வர்ற?"

"பின்னாடிதான போற?"

"நீ வாசலுக்குப் போ. அங்கிட்டு உக்காந்து உன் நோட்டுல எழுது."

"விழுந்தா?"

"கூப்பிடுவேன்னு சொல்லியிருக்கேன்ல."

அதனால் வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து வழக்கத்தைவிட மோசமாக இருக்கும். நோட்டைப் பார்க்காமல் எழுதுகிறேன். டக். சத்தமில்லாத ஒன்று. டக். சத்தமில்லாத ஒன்று. எட்டு. ஒன்பது. நின்றுவிட்டாள். ஏன் நிற்கிறாள் என்று தெரியவில்லை. எழுந்து போகலாமா? நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். டக். பத்து. பதினைந்து. பதினாறு. பதினேழு.

கதவு சாத்துகிற சத்தம்.

தாழ்ப்பாள் போடுகிற சத்தம்.

எண்ணெய் விட்டிருந்ததால் ஒரே இழுப்பில் போய் விழுந்தது.

பதினோரு மாதம். எதற்கு எண்ணெய் போடச் சொன்னாள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

உள்ளேயிருந்து அவளுடைய குரல் வருகிறது: "ஏய்யா, எண்ணுனயா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. நீ எண்ணுறது இங்க வரைக்கும் கேக்குது."

தாளின் இரண்டாம் பக்கத்தில் இன்னும் ஒன்பது வரி பாக்கி இருக்கிறது. வாயை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் என்ன போட்டிருக்கிறது என்பதை அடுத்த செவ்வாய்க்கிழமை இந்த நோட்டில் எழுதுவேன். போட்டிருப்பதைத்தான் எழுதுவேன்.